துரை இன்ஜினும் குல்ஃபி மணியும்

ஞாயித்துக்கிழமை வேலை சின்ன வேலைதான். கழட்டி வெச்ச இன்ஜினைத் தூக்கி, வண்டிக்குள்ள உக்கார வெச்சு, போல்ட் போடணும்.

அவ்ளோதான். சத்தியமா அவ்ளோதான்.

எங்க வண்டிக்குப் பேரு துரை. தாத்தா தங்க மைன்ஸ்ல வேலை பார்த்தப்போ, ஊரை விட்டுக் கிளம்பின ஒரு ஆபீசர் வித்துட்டுப் போன முந்நூத்தம்பது சிசி பைக். ஒரு வேலையும் செய்யாது. ஆனா எல்லாரும் மரியாதை குடுக்கணும். பேருக்கு அதுதான் காரணம்.

வருஷா வருஷம் புத்த பூர்ணிமா ஊர்வலத்துல பஞ்சசீலக் கொடியோட முதல்ல போறது துரைதான். தாத்தா ஓட்டினாரு. அப்புறம் அப்பா. போன வருஷம் புத்த விகார் வாசல் தாண்டினதும் துரை படுத்துட்டாரு. சர்க்கிள் வரைக்கும் உருட்டிட்டே போனோம். பின்னாடி வந்த பேண்டுக்காரங்களுக்கு மனசு கேக்காம, கடைசியில சோகப் பாட்டா வாசிக்க ஆரம்பிச்சுட்டாங்க.

அன்னைக்கே கமிட்டியில முடிவாயிடுச்சு. அடுத்த வருஷம் இன்ஜின் ஓடுற வண்டிக்குத்தான் கொடி.

அதை அறிவிச்சது கமிட்டி செக்ரெட்டரி பிரேம் சித்தப்பா. அப்பாவுக்குச் சின்னம்மா பையன். போன தீபாவளிக்குத்தான் பளபளன்னு புது பைக் எடுத்தாரு. அவர் குரலை எழுத்துல கொண்டு வர முடியாது. மூக்கை லேசா பிடிச்சுகிட்டுப் படிங்க.

"அண்ணா, பீல் பண்ண வேணாம்ணா. ரூல்ஸ்னா ரூல்ஸ். நீ டென்ஷன் ஆவாத, ஸ்டாண்ட்பைக்கு நான் கீறேன்ல!"

அப்பா ஸ்பேனரை எடுத்தாரு. இந்த வருஷம் பூர்ணிமாவுக்கு முன்னாடியே இன்ஜினைக் கழட்டிட்டாரு. தினம் பெங்களூர் ரயில்ல வேலைக்குப் போய்ட்டு வந்து, சட்டையைக் கூட மாத்தாம அதும் பக்கத்துல உக்காந்துடுவாரு. மண்ணெண்ணெயில கழுவினாரு. எமரி ஷீட் போட்டுத் தேய்ச்சாரு. சைடு கவரைப் பாலிஷ் போட்டுப் போட்டு, அதுல அம்மா பொட்டு வெச்சுப் பாக்குற அளவுக்குக் கொண்டு வந்துட்டாரு.

எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணு. "யசோ, இன்ஜின்ல கீற ஓட்டைங்கள்ல தூசி, பெயிண்ட் போகாம துணி வெச்சு அடைச்சு வை."

அடைச்சேன். கார்புரேட்டர் வந்து உக்காருற ஓட்டைக்கு மட்டும் துணி பத்தல. என் ஸ்கூல் சாக்ஸ் ஒண்ணு தனியா கிடந்துச்சு. நல்லா உள்ள தள்ளி அடைச்சேன்.

இந்த சாக்ஸை ஞாபகம் வெச்சுக்கோங்க. நான் வெச்சுக்கல.

சிலிண்டருக்குக் கறுப்பு பெயிண்ட். சூடு தாங்குற பெயிண்ட்டாம். ஆனா அது இறுகணும்னா முதல்ல ஒரு தடவை சூட்டுல வேகணும்னு அப்பா எங்கேயோ படிச்சுட்டாரு. வீட்டுல சூடு எங்க இருக்கு? அம்மாவோட கேக் ஓவன்ல இருக்கு.

அம்மா விகார்ல இருந்து வந்து ஓவனைத் திறந்தாங்க. உள்ள சிலிண்டர் உக்காந்து வெந்துகிட்டு இருக்கு.

எங்க அம்மா கத்த மாட்டாங்க. மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா எடுத்து வெப்பாங்க. அதுதான் பயம். "இது... இன்னாது?"

"சிலிண்டர்மா," அப்பா சொன்னாரு.

"பூர்ணிமாவுக்கு நான் கேக் செய்யணும். இத்த எடுக்குறியா, இல்ல இதையே ஊருக்கெல்லாம் வெட்டிக் குடுக்கட்டுமா?"

பாதி வேக்காடா சிலிண்டர் வெளிய வந்துடுச்சு. தொட்டா விரல் லேசா ஒட்டும். "காத்துல ஆறிடும்"னு சொல்லி அப்பா மத்ததை எல்லாம் மாட்டி இன்ஜினை முழுசாக்கிட்டாரு.

இப்போ ஞாயித்துக்கிழமைக்கு வரேன். அன்னைக்குத்தான் பூர்ணிமா. சாயங்காலம் ஊர்வலம்.

இன்ஜினைத் தூக்குறது எப்படி? அப்பாவுக்கு முதுகு வலி. நாலு பசங்களைக் கூப்பிட்டுத் தூக்கினா பெயிண்ட்ல கை படும். அப்பதான் பின்சந்து சாலமன் மாமா வந்தாரு.

சாலமன் மாமா மைன்ஸ்ல வைண்டர் ஓட்டினவரு. ஷாஃப்ட்ல, ஆளுங்க நிக்கிற கேஜை மேல ஏத்தி, கீழ இறக்குற மெஷினுக்கு டிரைவர். மைன்ஸ் மூடினது நான் பொறக்குறதுக்குப் பல வருஷம் முன்னாடி. ஆனா மாமாவுக்கு ஷிஃப்ட் இன்னும் முடியல. தொண்டையை அடியில இருந்து எடுத்துப் பேசுவாரு. பாஸ்டர் பிரசங்கம் மாதிரி.

"ஆனந்தா, ஐயாயிரம் அடியில இருந்து ஆளுங்களை அலுங்காம எடுத்தவன் நான். உன் இன்ஜினை எடுக்க மாட்டனா?"

பல்சக்கரம் வெச்ச கை வின்ச் ஒண்ணு அவர்கிட்ட இருக்கு. எதுக்கு வெச்சிருக்காருன்னு கேக்கக் கூடாது. அதை அவர் கேட் தூண்ல போல்ட் போட்டு இறுக்கினாரு. கேட் இருக்குறது பின்சந்துல. எங்க பின்வாசலுக்கும் சந்துக்கும் நடுவுல தகரத் தடுப்பு. கயிறு அவர் வின்ச்ல இருந்து கிளம்பி, தகரத்துக்கு மேல வந்து, எங்க பின்வாசல் இரும்பு உத்தரத்துல மாட்டின கப்பி வழியா கீழ இறங்கி, இன்ஜின்ல முடியுது. இன்ஜினைச் சுத்தி அம்மாவோட புது பெட்ஷீட். அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

"மாமா, அங்க இருந்து உங்களுக்கு ஒண்ணும் தெரியாதே?"ன்னு கேட்டேன்.

"வைண்டர் ஓட்றவன் கேஜைப் பாக்க மாட்டான்மா. கண்ணு கயித்து மார்க்குல, காது பெல்லுல."

"பெல் எதுக்கு? நான் கத்துறேன். தூக்குன்னா தூக்குங்க, நிறுத்துன்னா நிறுத்துங்க."

மாமா என்னை ஒரு பார்வை பார்த்தாரு.

ஒரு விஷயம் சொல்லிடுறேன். போன வாரம், மாமா கேட்ல நின்னு பேப்பர் படிக்கும்போது, நான் தகரத்துக்கு இந்தப் பக்கம் இருந்து அவர் சம்சாரம் எஸ்தர் அத்தை குரல்ல, "ஏங்க, மீன் குழம்பு ஆயிடுச்சு, சூடு ஆறுறதுக்குள்ள வந்துடுங்க"ன்னு கூப்பிட்டேன். மாமா கை கழுவிட்டு போய் உக்காந்துட்டாரு. அத்தை அப்பதான் மீனே கழுவிட்டு இருந்தாங்களாம். அதுக்கப்புறம் அந்த வீட்டுல என்ன நடந்துச்சுன்னு தகரத்துக்கு இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டுச்சு.

மாமா சொன்னாரு: "இந்த வூட்ல வாயால வர்ற எத்தையும் நான் நம்ப மாட்டேன். ஸ்பேனரால தண்ணிக் குழாயில அடி. ஒண்ணுன்னா நிறுத்து. ரெண்டுன்னா இறக்கு. மூணுன்னா தூக்கு."

"அதுக்கு மேல அடிச்சா?"

"அஞ்சுன்னா ஆக்ஸிடென்ட். நீ அஞ்சு அடிக்க மாட்ட."

நான் அடிக்க மாட்டேன்தான்.

டிங் டிங் டிங். மூணு. கயிறு இறுகுச்சு, பெட்ஷீட் மூட்டை ஆடாம அசையாம மேல ஏறுச்சு. டிங். நின்னுச்சு. அப்பாவும் நானும் துரையை அடியில உருட்டிட்டு வந்து நிறுத்தினோம். டிங் டிங். ரெண்டு. இன்ஜின் பூ மாதிரி இறங்கி ஃப்ரேமுக்குள்ள போச்சு.

உண்மையிலேயே அழகா இருந்துச்சு. அப்பா கண்ணுல தண்ணி. "இன்னா பெல்லு, இன்னா பெல்லு!"ன்னு தகரத்துக்கு அந்தப் பக்கம் மாமா அவரையே அவர் பாராட்டிக்கிறாரு.

பின்னாடி போல்ட் சர்ருன்னு போயிடுச்சு. முன்னாடி போல்ட் போகல, அதனால கயிறும் அவுக்கல, மாமாவும் வின்ச்சை விடல. இன்ஜின் ஓட்டையும் ஃப்ரேம் ஓட்டையும் ஒரு நூல் தள்ளி நிக்குது. அப்பா நெம்பினாரு. தட்டினாரு. கெஞ்சினாரு. "துரை, ஒரு நூல்தான் துரை."

மதியம் ஆச்சு. பிரேம் சித்தப்பா எட்டிப் பார்த்தாரு. மூக்கைப் பிடிங்க.

"அண்ணா, இன்னா இன்னும் ஆவலியா? பரவால்லணா. நான் என் வண்டியைக் கழுவித்தான் வெச்சிருக்கேன். சும்மா, தூசி இருந்துச்சுன்னு."

அவர் போனதும் அப்பா உள்ள போய் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை மாட்டிட்டு வந்துட்டாரு. ஊர்வலத்துக்கு எல்லாரும் வெள்ளைதான். "போல்ட் போட்டதும் நேரா கிளம்பணும், மாத்துறதுக்கு டைம் இருக்காது." நம்பிக்கைன்னா அது.

அந்த நேரம் பார்த்து சந்து முனையில குல்ஃபி அண்ணன் வந்தாரு.

பூதிகோட்டைப் பக்கத்துல இருந்து தள்ளுவண்டி தள்ளிட்டு வர்றவரு. மே மாச வெயில்ல அவர் மணிச் சத்தம் கேட்டாலே உடம்பு குளுரும். ஒரு தடவை அடிக்க மாட்டாரு. ரெண்டு தடவை அடிக்க மாட்டாரு. அவருக்குன்னு ஒரு கணக்கு.

டிங் டிங் டிங்.

கயிறு இறுகுச்சு.

"யசோ, யாரு அடிச்சது?"

"நான் இல்லப்பா!"

இன்ஜின் மேல கிளம்புது. பின்னாடி போல்ட் போட்டாச்சே! இன்ஜினோட சேர்ந்து துரையும் கிளம்புறாரு. முன்சக்கரம் தரையை விட்டு எழும்புது. பந்தயக் குதிரை மாதிரி.

"மாமா, நிறுத்துங்க!"ன்னு கத்தினேன்.

"உன் வேலையை என்கிட்ட காட்டாத!" தகரத்துக்கு அந்தப் பக்கம் இருந்து பதில்.

"சாலமன், நிறுத்துப்பா!" அப்பா கத்தினாரு. நிஜ அப்பா.

"ஆகா! ஆனந்தன் குரல் அப்படியே வருதும்மா உனக்கு!"

ஸ்பேனரை எடுத்து ஒண்ணு அடிச்சேன். நின்னுச்சு. மூச்சு விட்டேன். சந்து முனையில டிங் டிங் டிங். மறுபடி ஏறுது. ஒண்ணு அடிச்சேன். நின்னுச்சு. டிங் டிங் டிங். ஏறுது. நானும் குல்ஃபி அண்ணனும் ஒருத்தரை ஒருத்தர் பாக்காமலே ஒரு கச்சேரி பண்ணிட்டு இருக்கோம்.

அப்பா தன் வெயிட்டைப் போட்டு அழுத்தலாம்னு பாய்ஞ்சு துரையை முன்பக்கமா கட்டிப் பிடிச்சாரு. பெட்ஷீட் அவுந்து விழுந்துச்சு. துரை இறங்கல. அப்பா ஏறினாரு. கால் தரையில இல்ல. வெள்ளைச் சட்டை சிலிண்டர் மேல. பாதி வெந்த சிலிண்டர்.

இதுக்கு மேல ஒண்ணு ரெண்டுன்னு யோசிக்கக் கூடாதுன்னு, இறக்குறதுக்கு ரெண்டு அடிச்சேன். டிங் டிங்.

அதே மூச்சுல முனையில இருந்து, டிங் டிங் டிங்.

மொத்தம் அஞ்சு.

கயிறு நின்னுடுச்சு. தகரத்துக்கு அந்தப் பக்கம் லாக் விழுற சத்தம். அப்புறம் செருப்புச் சத்தம். அந்தச் சத்தம் எங்க பக்கம் வரல. தூரமா போகுது!

"அப்பா, மாமா போறாரு!"

"எங்க போறாரு?" அப்பா தொங்கிட்டே கேட்டாரு.

எனக்கும் தெரியல. கொஞ்ச நேரம் கழிச்சு முன்வாசல்ல கதவு தட்டுற சத்தம். சந்தைச் சுத்தி, மெயின் ரோடு வழியா நடந்து, முறையா முன்வாசலுக்கு வந்திருக்காரு. செருப்பைக் கழட்டினாரு. அம்மா தண்ணி குடுத்தாங்க. குடிச்சாரு. "கேக் வாசனை நல்லாருக்குமா, லேசா பெயிண்ட் வாசனை வருது"ன்னாரு. அப்புறம் பின்வாசலுக்கு வந்து, தொங்குற அப்பா முன்னாடி நேரா நின்னாரு.

"அஞ்சு பெல் வந்துச்சு. ஆக்ஸிடென்ட் சிக்னல். பிரேக் போட்டு, லாக் பண்ணி, நேர்ல வந்து ரிப்போர்ட் பண்றேன். இன்னா ஆச்சு?"

"நீயே பாரு இன்னா ஆச்சுன்னு!"

மாமா பார்த்தாரு. "ஏன் மேல ஏறின?"

"சாலமன், அது குல்ஃபி மணிப்பா! ஸ்பேனர் சத்தத்துக்கும் குல்ஃபி மணிக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு?"

மாமாவுக்கு ரோஷம் வந்துடுச்சு. "சத்தம் எதுல இருந்து வருதுன்னு கேக்குறது வைண்டர் வேலை இல்ல. எத்தனைன்னு எண்றதுதான் வேலை. நான் சரியா எண்ணினனா இல்லியா?"

சரியாத்தான் எண்ணினாரு. அதுதானே பிரச்சனை.

"சரி, போய் இறக்குப்பா."

"பெல் அடிச்சா இறக்குறேன்." திரும்பி, செருப்பை மாட்டி, மறுபடி மெயின் ரோடு வழியா கிளம்பிட்டாரு.

நான் தகரத் தடுப்புல ஏறிக் குதிச்சு சந்து முனைக்கு ஓடினேன். குல்ஃபி அண்ணன் அடுத்த மூணுக்குக் கையைத் தூக்கிட்டாரு.

"அண்ணா! அடிக்காதீங்க! எங்க அப்பா மேல போயிடுவாரு!"

அவர் முகம் வெளுத்துப் போச்சு. கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒண்ணா வந்துச்சு. "அய்யய்யோ, ஏனாயித்து? ஒடம்பு பாகாலேதா? நான் வேற டைம் தெரியாம மணி அடிச்சுட்டேனே!"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லண்ணா, வின்ச்ல..." எங்க இருந்து ஆரம்பிக்கிறது? "மூணு குல்ஃபி குடுங்க!"

அவர் ரெண்டு கையும் குல்ஃபி அச்சை உருட்ட ஆரம்பிச்சுது. மணி ஓஞ்சுது. குல்ஃபியை வாங்கிட்டு ஓடி வந்தேன். மாமா தன் சீட்டுக்கு வந்து சேர்ந்த சத்தம் கேட்டதும், டிங் டிங்.

துரை இறங்கினாரு. அப்பா இறங்கினாரு. கடைசி அரையடியில கயிறு சர்ருன்னு நழுவி, முன்சக்கரம் தொம்முன்னு தரையில விழுந்துச்சு.

"க்ளக்."

அப்பாவும் நானும் குனிஞ்சு பார்த்தோம். ரெண்டு ஓட்டையும் ஒண்ணாயிடுச்சு. காலையில இருந்து நகராத அந்த ஒரு நூல் நகர்ந்துடுச்சு. போல்ட் ஒரு விரல்ல உள்ள போச்சு.

"இதுதான் வைண்டிங்!" தகரத்துக்கு அந்தப் பக்கம்.

அப்பா சட்டையில நெஞ்சு முழுக்க சிலிண்டர் வரி, கறுப்புக் கறுப்பா, அளவெடுத்து கோடு போட்ட மாதிரி. சாலமன் மாமாவுக்கு ஒரு குல்ஃபி, அப்பாவுக்கு ஒரு குல்ஃபி, எனக்கு ஒண்ணு. சாப்பிட்டுட்டே கார்புரேட்டரை மாட்டினோம். செயின் மாட்டினோம். சைலன்சர், ஒயரு, பெட்ரோல்.

தூரத்துல பேண்டு ஆரம்பிச்சுடுச்சு.

அப்பா கும்பிட்டுட்டு உதைச்சாரு. ஒண்ணும் இல்ல. மறுபடி. ஒண்ணும் இல்ல. துரை இருமக் கூட இல்ல. உதைச்சு உதைச்சு அப்பாவுக்கு வேட்டி அவுந்துச்சு, கட்டிட்டு மறுபடி உதைச்சாரு. "காத்தே எடுக்கலையே... யாரோ மூக்கைப் பிடிச்ச மாதிரி கீது..."

மூக்கைப் பிடிச்ச மாதிரியா?

எனக்கு வயித்துக்குள்ள இருந்த குல்ஃபி மறுபடி உறைஞ்சுடுச்சு.

"அப்பா... என் சாக்ஸ்."

"சாக்ஸ் இப்ப எதுக்கு? எங்க கீது?"

"உள்ள."

அப்பா என் முகத்தைப் பார்த்தாரு. கார்புரேட்டரைப் பார்த்தாரு. கழட்டி மாட்ட நேரம் இல்ல. விகார் வாசல்ல கொடி தயாரா இருக்கு, அதும் பக்கத்துல பிரேம் சித்தப்பா கழுவின வண்டியோட நிக்கிறாரு. ஒரு நிமிஷம் அப்பா முகம் அப்படியே தொங்கிப் போச்சு. வண்டியில தொங்கினப்போ கூட அப்படி ஆகல. எனக்கு என்னவோ போல ஆயிடுச்சு.

அப்புறம் மெதுவா கேட்டாரு. "துரை குரல் வருமா உனக்கு?"

"அப்பா?"

"ஊர்ல எல்லார் குரலும் பேசுற. துரை குரல் வருமா, வராதா?"

வருமாவா? பொறந்ததுல இருந்து கேக்குற குரல்! அடிவயித்துல இருந்து எடுத்தேன். டுக்... டுக்... டுக் டுக் டுக் டுக்.

சாலமன் மாமா தகரத்துக்கு மேல எட்டிப் பார்த்தாரு. "ஸ்டார்ட் ஆயிடுச்சா?"

எங்க லைன் வீட்டுல இருந்து விகார் வழியா சர்க்கிள் வரைக்கும் நல்ல இறக்கம். அதுதான் காப்பாத்துச்சு. அப்பா முன்னாடி, நான் பின்னாடி. வாயில இன்ஜின். விகார் வாசல்ல பிரேம் சித்தப்பா காதை நீட்டினாரு. நான் ஆக்ஸிலரேட்டர் குடுத்தேன். டுர்ர்ர்ர்! சித்தப்பா ஒதுங்கிட்டாரு, கொடி என் கைக்கு வந்துச்சு.

பேண்டு வாசிக்குது, சாது சாதுன்னு ஜனங்க கோஷம், துரை முதல்ல. நடுவுல கொஞ்ச தூரம் சமதரை. அங்க அப்பா வண்டியில உக்காந்தபடியே வேட்டிக்குள்ள காலால தள்ளி நடந்தாரு. வெளிய பாத்தா வண்டி போகுது. சட்டையில இருந்த கறுப்புக் கோட்டைப் பாத்து ஒருத்தர், "ஸ்பெஷல் பிரிண்ட்டா ஆனந்தா?"ன்னு கேட்டாரு.

சர்க்கிள் வந்தப்போ நான் ரொம்ப உற்சாகத்துல இருந்தேன். வண்டி நின்னு, அப்பா இறங்கி, ஸ்டாண்டே போட்டாச்சு. நான் இன்னும் டுக் டுக் டுக்.

கூட்டத்துக்குள்ள இருந்து, டிங்.

ஒண்ணே ஒண்ணு. திரும்பினேன். குல்ஃபி அண்ணன் வண்டி பக்கத்துல சாலமன் மாமா, கையில குல்ஃபி மணி. என்னை முறைச்சாரு.

ஒண்ணுன்னா நிறுத்து. நிறுத்தினேன். அப்பா கம்பீரமா சாவியைத் திருப்பி எடுத்து பாக்கெட்டுல போட்டாரு.

பிரேம் சித்தப்பா வந்தாரு. துரையை ஒரு சுத்து சுத்தி வந்தாரு. கடைசியா ஒரு தடவை மூக்கைப் பிடிங்க.

"ஒத்துக்கிறேன்ணா. இன்னா சவுண்டு! பழைய இன்ஜின் பழைய இன்ஜின்தான். அடுத்த வருஷமும் நீயே எடு. ஆனா ஒண்ணு. வழியில சாம்பிராணி போட்டாங்களே, அங்க வண்டி ஒரு தடவை தும்முன மாதிரி இருந்துச்சே?"

அப்பா அசரல. "ஏர் ஃபில்டர்ல தூசி பிரேமு. பாத்துக்கிறேன்."

அன்னைக்கு ராத்திரி, தொண்டை கட்டிப் போன ஏர் ஃபில்டருக்கு அம்மா மிளகு ரசம் வெச்சுக் குடுத்தாங்க.